ஸ்பிரிட் ஊத்தாதீங்க: அரக்குத் தட்டு, வினைல், ஒரு சொட்டு எண்ணெய்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ற ஆளை நம்ம ஊர்ல என்ன சொல்லித் திட்டுவாங்க? "கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி." வாழ்க்கையில ஒரு ரெக்கார்டைக்கூடத் தொட்டுப் பார்க்காத பசங்களும் இதைச் சொல்றாங்க. பொருள் வீட்டை விட்டுப் போயிடுச்சு, பழமொழி போகல. இன்னிக்கு அந்தக் கீறலைப் பத்தித்தான் பேசப்போறோம். இசைத்தட்டு ஏன் தேயுது, ஏன் இரையுது, அதைத் தடுக்க நூறு வருஷமா மனுஷங்க எதை எதையெல்லாம் பூசினாங்க, எதால துடைச்சாங்க.

இது வெறும் பழங்கதை இல்ல. இந்த வருஷம் எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "எங்க தாத்தா பெட்டியில நாப்பது பிளேட் இருக்கு. வீடியோல ஆல்கஹால் போட்டுத் துடைக்கச் சொல்றாங்க. துடைக்கலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஆல்கஹாலை ஓரமா வைங்க. கையில இருக்கறது எந்த வகைத் தட்டுன்னு முதல்ல பாருங்க. வீடியோவில் காட்டுவது பெரும்பாலும் வினைல். தாத்தா பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அரக்கு. ரெண்டும் கறுப்பா, வட்டமா, நடுவுல ஓட்டையோட ஒரே மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணுக்கு மருந்து, இன்னொண்ணுக்கு விஷம்.

அரக்குல செஞ்ச பாட்டு

அரக்குன்னதும் உங்களுக்கு மகாபாரதத்து அரக்கு மாளிகை ஞாபகம் வரலாம். பார்சல் மேல உருக்கி வைக்கிற சிவப்பு சீல் ஞாபகம் வரலாம். 78 வேகத்தில் சுத்தற பழைய தட்டும் அதே அரக்குதான். புரசு, இலந்தை மாதிரி மரக்கிளைகளில் கூட்டம் கூட்டமா ஒட்டி வாழற ஒரு குட்டிப் பூச்சி சுரக்கிற பிசின் அது. சோட்டாநாக்பூர் காட்டுப் பகுதிதான் இந்தத் தொழிலுக்கு நெஞ்சு மாதிரி. 1924-லேயே ராஞ்சிக்குப் பக்கத்துல நாம்கும் என்கிற இடத்தில் அரக்குக்காகவே ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் உள்ளிட்ட பாடகர்களைப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய், அங்கே தட்டா அழுத்தப்பட்டு, மறுபடி கப்பலேறி இங்கே வந்தன. யோசிச்சுப் பாருங்க. நம்ம காட்டு அரக்கு ஒரு கப்பல்ல ஐரோப்பாவுக்குப் போகுது. நம்ம குரல் இன்னொரு கப்பல்ல போகுது. ரெண்டும் ஒட்டிக்கிட்டு விற்பனைக்குத் திரும்பி வருது. 1908-ல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் இந்தச் சுத்து வழி குறைஞ்சது. 1928-ல் அது டம்டமுக்கு மாறியது.

தமிழ்க் குரல்களும் சீக்கிரமே தட்டில் ஏறிவிட்டன. கோயம்புத்தூர் தாயி பாடிய தட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரீஸ் தெலாஜ் காதில் விழுந்து, அவர் 'ராகமாலிகா' என்றே ஒரு படைப்பு எழுதினார். எம்.எஸ். சுப்புலட்சுமி 1926-ல் பத்து வயதில் தட்டுக்குப் பாடினார். 1931-ல் 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பிச்சதும், பாட்டு வீடு வீடாப் போச்சு. பிறகு ஏவிஎம் ஸ்டூடியோ கட்டிய ஏ.வி. மெய்யப்பன் அந்தக் காலத்தில் சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலமா ஓடியன் கம்பெனித் தட்டுகளைத் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தவர். திருச்சிக்காரங்களுக்கு இதில் தனிச் சொந்தம் உண்டு. எம்.கே. தியாகராஜ பாகவதர் வளர்ந்த ஊர் இது. அவருக்கு இசையமைத்த ஜி. ராமநாதன் பக்கத்துப் பிச்சாண்டார்கோவில்காரர். 1939-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியதும் தட்டு வாங்க வசதி இல்லாதவங்க காதுக்கும் தட்டுப் பாட்டு போய்ச் சேர்ந்தது.

ஊசியைத் தின்ற தட்டு

இப்ப இன்ஜினியரிங்குக்கு வருவோம். அரக்குத் தட்டுன்னு பேரே தவிர, அதுல அரக்கு மூணுல ஒரு பங்கு, சில சமயம் அதுக்கும் கீழ. மீதியெல்லாம் சிலேட்டுக்கல் தூள், சுண்ணாம்புக்கல் தூள், கொஞ்சம் பஞ்சு இழை, கறுப்புக்குக் கரித்தூள். இதைச் சூடாக்கிக் கட்டியா எடுப்பாங்க. அந்தக் கட்டிக்குத் தொழிற்சாலைப் பேச்சுல 'பிஸ்கட்'னு பேர். பிஸ்கட்டை அச்சுக்குள்ள வெச்சு அழுத்தினா தட்டு.

கல்தூளை எதுக்குப் போட்டாங்க? கலப்படம் இல்லீங்க, வேணும்னுதான். கிராமபோனோட சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல எடையோட தட்டு மேல உக்காரும். எஃகு ஊசியின் முனையும் பள்ளத்தின் வடிவமும் ஆரம்பத்தில் கச்சிதமாப் பொருந்தாது. அதனால முதல் சில சுத்துகளில் தட்டே ஊசியைத் தேய்த்து, தன் பள்ளத்துக்கு ஏத்த மாதிரி வடிவம் கொடுத்துடும். பொருந்தின பிறகு எடை பரவலா விழும், பள்ளம் பிழைக்கும். தட்டு வாழணும்னா ஊசி சாகணும். இதுதான் டிசைன்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். நிமிஷத்துக்கு 78 சுத்து, ஒரு பக்கம் மூணு நிமிஷம், ஆக 234 சுத்து. ஒரு சுத்துக்குச் சராசரியா அரை மீட்டர்னு வெச்சுக்கிட்டா, ஊசி ஒரு பாட்டுக்குள்ள 120 மீட்டர் உப்புத்தாள் மேல நடக்குது. பக்கம் முடியும்போது அதன் முனை உளி மாதிரி ஆயிடும். அதே ஊசியை அடுத்த பாட்டுக்கு வெச்சா, அது வாசிக்காது, செதுக்கும். அதனாலதான் பக்கத்துக்கு ஒரு ஊசின்னு சொன்னாங்க. நாய் படம் போட்ட குட்டி டப்பாவுல 200 ஊசி இருக்கும். 200 ஊசின்னா 200 பக்கம், அவ்வளவுதான் கணக்கு. நடைமுறையில எத்தனை வீட்டுல அப்படி மாத்தியிருப்பாங்க? பழைய தட்டைச் சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க. பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமா ஒரு பட்டை தெரிஞ்சா, அது சிக்கனத்தோட தடம்.

இரைச்சலும் அதே கல்தூளால வந்ததுதான். 'ஸ்ஸ்ஸ்' என்று பாட்டு முழுக்கக் கேட்கும் சத்தம், ஊசி கல்தூள் மேல உரசற சத்தம். எங்க வேலைப் பாஷையில சொன்னா அது பக் இல்ல, ஒரு ஃபீச்சரோட பக்க விளைவு. 1923 வாக்கில் கொலம்பியா கம்பெனி இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது. நடுவுல முரட்டுக் கலவை, மேலயும் கீழயும் நைசான அரக்குப் பூச்சு, இடையில காகிதம். இரைச்சல் நல்லாவே குறைஞ்சது. இன்னொரு பக்கம், எஃகுக்குப் பதிலா மூங்கில் ஊசி வெச்சுக் கேட்டவங்க இருந்தாங்க. தட்டுக்கு அது மென்மை, ஆனா சத்தம் மந்தம். ஒவ்வொரு தடவையும் முனையை நறுக்கி விடணும்.

ஆக, அன்னிக்கே மனுஷன் ரெண்டு எதிரியோட சண்டை போட்டிருக்கான்: தேய்மானம், இரைச்சல். ஒண்ணைக் குறைக்கப் போனா இன்னொண்ணு எட்டிப் பார்க்கும்.

காட்டூரில் ஒரு மைக் செட்

நான் இருக்கறது காட்டூர். தெரியாதவங்களுக்கு, திருச்சியிலேர்ந்து தஞ்சாவூர் ரோட்டுல அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் நடுவுல. லாரியும் பஸ்ஸும் ஓயாத ரோடு, அதனால புழுதியும் ஓயாது. இங்க ஒரு பெரியவர் இருக்கார். ஒரு காலத்துல மைக் செட் வெச்சிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாத்துக்கும் மரத்துல புனல் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டவர். பேர் வேண்டாம்னு சொல்லிட்டார். எபிசோடுக்காக அவரோட ஒரு மத்தியானம் உக்காந்து பேசினேன்.

"ஐயா, அப்பல்லாம் தட்டை எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?"

"என்னத்த சுத்தம் தம்பி? வேட்டி முனைதான். ஊதி, ஒரு தொடை தொடைச்சு, போட்டுடறது."

"இரைச்சல் வந்தா?"

அவர் சிரிச்சுட்டார். "தேங்கா எண்ணெய்! ரொம்பத் தேஞ்ச பிளேட்டு ஒரே எடத்துல நின்னுக்கிட்டு மானத்த வாங்கும். ஒரு சொட்டு எண்ணெயை விரல்ல தொட்டுத் தடவி விட்டா வழுக்கிக்கிட்டுப் போயிடும். அன்னிக்கு ராத்திரி ஓட்டிடலாம். மறுநா பாத்தா புழுதியும் எண்ணெயும் சேந்து சேறு. அந்தப் பிளேட்டு அதோட செத்துச்சு."

இந்த நாலு வரியில எண்ணெய்ப் பூச்சோட மொத்த வரலாறும் இருக்கு. எண்ணெய் உராய்வைக் குறைக்கறது உண்மை. அன்னிக்கு ராத்திரி சத்தம் குறைஞ்சதும் உண்மை. ஆனா அரக்குத் தட்டு ஊசியைத் தேய்த்துத்தானே பொருந்துது? எண்ணெய் போட்டா அந்தத் தேய்ப்பே சரியா நடக்காது. எண்ணெய் புழுதியைப் பிடிச்சு வெச்சுக்கும். எண்ணெயில ஊறின புழுதியும் உதிர்ந்த எஃகுத் தூளும் சேர்ந்தா என்ன ஆகும்? லேத் பட்டறையில வால்வு தேய்க்கறதுக்கு ஒரு பசை வெச்சிருப்பாங்களே, கிட்டத்தட்ட அதுதான்.

அவர் வீட்டுல இன்னும் ரெண்டு மரப்பெட்டி இருக்கு. சினிமாப் பாட்டு மட்டும் இல்ல, நாலஞ்சு தட்டு சேர்ந்து ஒரு கதையா வர்ற நாடக செட்டும் இருக்கு. பேரன் காலேஜ் படிக்கறான். அவன்தான் ஆர்வமா ஒரு பாட்டில் ஸ்பிரிட் வாங்கிட்டு வந்திருக்கான். பெரியவர் தடுத்துட்டார். அவருக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. ஆனா மர பாலிஷ் தெரியும்.

"ஏன்டா, ஆசாரி கதவுக்கு பாலிஷ் எப்படிப் போடறார்? அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சுத்தானே? நீ என் பாகவதரை பாலிஷா ஆக்கிடுவ போல!"

இதை விடத் தெளிவா எந்தக் கையேடும் சொல்லல. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஸ்பிரிட், ஐசோபுரொபைல் ஆல்கஹால், சானிடைசர், சென்ட் எதுவா இருந்தாலும் சரி, அரக்குத் தட்டுப் பக்கமே வரக்கூடாது. அழுக்கு போகும். கூடவே பள்ளத்தோட சுவரும் போகும். அந்தச் சுவர்தான் பாட்டு.

வினைல் வந்ததும் எதிரி மாறினான்

இரண்டாம் உலகப் போர் அரக்கு வரலாற்றையே திருப்பிப் போட்டது. அரக்கு ராணுவத்துக்கும் வேண்டிய பொருள், வரவேண்டியதோ இந்தியாவிலேர்ந்து. 1942-ல் அமெரிக்க அரசு தட்டுக் கம்பெனிகளுக்கு அரக்கைக் கடுமையாக் குறைச்சது. சிப்பாய்களுக்கு அனுப்பின 'வி-டிஸ்க்' தட்டுகளுக்கு வினைல் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினாங்க. கீழ விழுந்தா அரக்கு மாதிரிச் சில்லு சில்லா உடையாது. 1948-ல் கொலம்பியா கம்பெனி, நிமிஷத்துக்கு 33⅓ சுத்து ஓடற நீண்ட நேரத் தட்டை, அதாவது எல்பியை, வெளியிட்டது.

இந்தியாவில் அரக்கு அவ்வளவு சீக்கிரம் விடைபெறல. கீ கொடுத்து ஓட்டற பெட்டி வீடுகளில் இருந்த வரைக்கும் 78 தட்டுக்கு வாடிக்கை இருந்தது. 1960-களில் பீட்டில்ஸ் பாட்டுகூட இங்க 78 தட்டா வந்திருக்கு. உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் இன்னிக்கும் அதைத் தேடறாங்க.

வினைல்ல கல்தூள் இல்ல, அதனால அமைதி. அந்த அமைதிதான் புதுப் பிரச்சினை. அரக்குல 'ஸ்ஸ்ஸ்'க்குள்ள மறைஞ்சு போன ஒரு தூசி, இங்க 'டிக்'னு தனியாக் கேட்கும். பள்ளமும் சின்னதாயிடுச்சு. 78 ஊசியின் முனை ஆரம் சுமார் 75 மைக்ரான்னா, எல்பிக்கு 25 மைக்ரான், ஸ்டீரியோவுல அதுக்கும் குறைவு. ஒரு பக்கம் 22 நிமிஷம் ஓடினா 730 சுத்துக்கு மேல, கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர். ஊசி இப்ப வைரம். இப்ப ஊசி சாகாது, தட்டுதான் மென்மை. நடுவுல ஒரு மணல் துகள் மாட்டினா, வைரம் அதை வினைல் சுவருக்குள்ள அமுக்கிடும். அதுக்கு மேல, காகித உறையிலேர்ந்து உருவும்போதே வினைல் மின்னேற்றம் வாங்கிக்கும். அறையில இருக்கற தூசியெல்லாம் தானா வந்து ஒட்டும். உலர்ந்த துணியால அழுத்தித் தேய்ச்சா இன்னும் மோசம்.

இங்கிலாந்தில் செசில் வாட்ஸ் என்பவர் இதுக்காகவே 'டஸ்ட் பக்' என்று ஒரு கருவி செய்தார். ஊசிக்கு முன்னாடி இன்னொரு குட்டிக் கை, அதன் நுனியில் நைலான் முடியும் ஒரு பஞ்சு உருளையும். தட்டு ஓடும்போதே வழியைப் பெருக்கிட்டுப் போகும், தேருக்கு முன்னாடி தெருக் கூட்டற மாதிரி. 1960-களில் பெர்சி வில்சன் என்ற ஒலியியல் எழுத்தாளர் வேற மாதிரி யோசிச்சார். துடைக்காதே, உறிஞ்சு. தட்டைத் திரவத்தால் நனைச்சு, தூரிகையால் ஊற வெச்சு, மெல்லிய குழாயால் பள்ளம் பள்ளமா அழுக்குத் தண்ணியை உறிஞ்சி எடுக்கற யந்திரம். குழாய் முனை தட்டில் உரசாம இருக்க நடுவுல ஒரு நூல் ஓடிக்கிட்டே இருக்கும். கீத் மாங்க்ஸ் அதைத் தயாரித்து விற்றார். வானொலி நிலையங்களும் ஆவணக் காப்பகங்களும் வாங்கின. இன்னிக்கு வர்ற உறிஞ்சும் யந்திரங்களுக்கெல்லாம் தாத்தா அதுதான்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. தூசியை எடுக்கறது பாதி வேலை. கழுவின தண்ணியை, அது காயறதுக்கு முன்னாடி வெளியே எடுக்கறது மீதி வேலை. இல்லன்னா அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

அப்போ எண்ணெயே வேண்டாமா?

தேங்காய் எண்ணெய் யோசனை காட்டூரோடு நிக்கல. 1970-களில் அமெரிக்காவில் கண்ணாடி ஜாடிக்குப் பேர் போன பால் கார்ப்பரேஷன், தன் விண்வெளிப் பிரிவின் அனுபவத்திலேர்ந்து 'சவுண்ட் கார்ட்' என்று ஒரு பூச்சு கொண்டுவந்தது. ஈரமா இருக்காது, காய்ந்த மெல்லிய படலமா நிக்கும், உராய்வைக் குறைக்கும், தட்டு நாள்பட உழைக்கும் என்பது வாக்குறுதி. அதற்கு முன்னும் பின்னும் சிலிக்கோன் ஸ்ப்ரே, மின்னேற்றம் போக்கும் திரவம் என்று பல வந்தன.

வாதம் ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் இருக்கு. உராய்வு குறைஞ்சா தேய்மானம் குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். எதிர்ப் பக்கம் சொல்றது வேற. சுத்தமான வினைலும் சரியான எடையில் நிக்கிற நல்ல வைர ஊசியும் இருந்தா, தேய்மானம் ஏற்கனவே ரொம்பக் கம்மி. அழுத்தும்போது அச்சில் ஒட்டாம இருக்க, வினைல் கலவைக்குள்ளயே கொஞ்சம் வழுக்குப் பொருள் சேர்த்துத்தான் இருக்கு. மேல பூசறது ஊசியில கட்டி கட்டும். அழுக்கு மேல பூசினா அழுக்கையே மூடி சீல் வெச்ச மாதிரி ஆகும்.

எனக்குப் பெரிசாப் படறது மூணாவது காரணம். காப்பகங்களில் வேலை செய்யறவங்களுக்கு ஒரு தர்மம் உண்டு: திரும்ப எடுக்க முடியாத எதையும் சேர்க்காதே. அழுக்கை நாளைக்கும் எடுக்கலாம். பூச்சை எடுக்க முடியுமான்னு நாளைக்குத்தான் தெரியும். கோடு எழுதறவங்களுக்குப் புரியும்படி சொன்னா, பேக்கப் இல்லாத புரொடக்ஷன் டேட்டாபேஸ்ல யாரும் புது ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்க்க மாட்டோம்.

சரி, பெட்டியைத் திறந்தாச்சு

முதல்ல அடையாளம். கனமா, விறைப்பா, பத்து அங்குலம், 78 என்று போட்டிருந்தா அரக்குன்னு வெச்சுக்கங்க. மெலிசா, லேசா வளைஞ்சு கொடுக்குதுன்னா வினைல். லேபிள்ல கையால எழுதி, ஓரத்துலயோ ஓட்டையிலயோ உலோகம் மினுக்கினா, அது நேரடியாப் பதிவு செஞ்ச தட்டு. உலகத்துல அந்த ஒரு பிரதிதான் இருக்கும். அதைத் துடைக்கவே வேண்டாம், விவரம் தெரிஞ்சவங்க கிட்ட கொண்டு போங்க.

வினைல்னா, டிஸ்டில்டு வாட்டர்ல ரெண்டே சொட்டு வாசனை இல்லாத மென்மையான சோப்புத் திரவம். போர் தண்ணி வேண்டாம், காய்ஞ்சதும் உப்பு பள்ளத்துலயே தங்கிடும். மெல்லிய முடியுள்ள பிரஷ்ஷால வட்டமா, பள்ளத்தின் போக்கிலேயே தேயுங்க, குறுக்கே வேண்டாம். பிறகு சுத்தமான டிஸ்டில்டு வாட்டரால அலசி, பஞ்சு உதிராத துணியால ஒத்தி எடுங்க. லேபிள் நனையக்கூடாது.

அரக்குக்கும் அதே தண்ணிதான், ஆனா ஊற வைக்காதீங்க. உள்ளே பஞ்சு இழை இருக்கு, சிலதுல காகிதம் இருக்கு, தண்ணி குடிச்சா உப்பும். விரிசல் இருக்கற தட்டைக் கழுவவே வேண்டாம். சட்டுனு துடைச்சு, சட்டுனு காய வைங்க, நிழல்ல. திருச்சி வெயில் பத்தி நான் சொல்லணுமா? ஏப்ரல் மாசம் மொட்டை மாடியில வெச்சா, மத்தியானத்துக்குள்ள அரக்கும் வினைலும் தட்டா இருக்காது, அப்பளமாத்தான் இருக்கும். நிக்க வெச்சுத்தான் அடுக்கணும், ஒண்ணு மேல ஒண்ணா இல்ல.

இன்னொண்ணு. அழகா இருக்கேன்னு பழைய கீ பெட்டியில அபூர்வத் தட்டைப் போடாதீங்க. அந்த எடையும் எஃகு ஊசியும் ஒவ்வொரு தடவையும் விலை கேட்கும். எல்பி ஊசியால 78-ஐ ஓட்டினாலும் அது பள்ளத்தின் அடியில அழுக்குல உருளும், இரைச்சல்தான் வரும். 78-க்குன்னு தனி வைர ஊசி கிடைக்குது. அதை மாட்டி, முதல் நல்ல ஓட்டத்தையே கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணிடுங்க.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னா, கம்ப்யூட்டர் சயன்ஸ்ல ஒரு வகை மெமரி உண்டு, படிக்கும்போதே உள்ளே இருப்பது அழியும். இசைத்தட்டு அந்தச் சாதிதான், மெதுவா. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் கொஞ்சம் செலவாகுது. எண்ணெய் போட்டாலும் யந்திரம் வாங்கினாலும் அந்தச் செலவைக் குறைக்கலாம், பூஜ்யமாக்க முடியாது. ஆகவே எதுக்குச் செலவு பண்றோம்னு தெரிஞ்சு பண்ணணும்.

காட்டூர்ப் பெரியவர் நாடக செட்டைப் போட ஒத்துக்கிட்டார், ஒரே தடவை, பேரன் லேப்டாப்பைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு. அந்தப் பையன் இப்ப ஒவ்வொரு உறை மேலயும் பென்சிலால தட்டு நம்பர், பாடினவர் பேர், எந்தத் தேதியில கழுவினான்னு எழுதிட்டு வர்றான். உங்க வீட்டுப் பெட்டியிலயும் அந்த வேலையிலேர்ந்து ஆரம்பிங்க. அதுக்கு ஒரு பென்சில் போதும்.

அடுத்த எபிசோடு கேசட் பத்தி.